ஒரே நாள்ல எடுத்த படமாம்

…உள்ள போகலியான்னு கேக்கறாம்மா அந்தப் பொம்பள. கடைசியா எங்க அக்காவ உசுரோட பாத்தது ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு, கதவுல இருக்கற சின்னக் கண்ணாடி வழியா. அத நான் வாயத் தெறந்து சொன்னேன் பாருங்க, அது என் தப்பு. உடனே பேனாவ மூடி வெச்சுட்டு, ஏன் உள்ள போகல, உங்களுக்குள்ள சண்டையான்னு கேக்கறா. சண்டையாம். அக்கா படுத்திருக்கற ரூமுக்குள்ள தம்பி போய் நிக்கறதா? எங்க டோங்கா ஆளுங்கள்ல எவன் செய்வான் அத? மீசை முளைச்ச நாள்லேர்ந்து நானும் அக்காவும் ஒரே கூரைக்குக் கீழ படுத்ததில்ல. அவங்க காதுபட நான் ஒரு கெட்ட வார்த்தை பேசினதில்ல. அன்னிக்கு அக்கா தலையத் திருப்பிக் கண்ணாடிப் பக்கம் பாத்தாங்க. நான் குனிஞ்சுகிட்டேன். அவ்வளவுதான். மறுநாள் காலைல போயிட்டாங்க. அது சண்டையில்ல, மரியாத. இதயெல்லாம் அந்த ஜில்லியனுக்கு யாரு புரிய வெக்கறது?

இல்ல இல்ல, நீங்க அந்த நாற்காலிக்கு நகந்துக்கங்கம்மா. என்னைத் தாண்டிப் போங்க, பரவால்ல. இந்த லைப்ரரில முத்திரை வாங்கத்தானே எல்லாரும் உக்காந்திருக்கோம், எனக்கு அவசரமில்ல.

ஜில்லியன் யாருன்னா, எங்க சபை ஹால்ல வெள்ளிக்கெழம ஒரு மேசையப் போட்டுகிட்டு, இந்தக் குடியுரிமை, பர்மிட்டு விஷயத்துக்கெல்லாம் இலவசமா யோசனை சொல்ற வெள்ளக்காரம்மா. இலவசம்தான். ஆனா அவ கேக்கற கேள்விக்கு நமக்குத்தான் அவ காசு குடுக்கணும். நல்ல மனுஷிதான், கொற சொல்லக் கூடாது. சொல்லாம எப்படி இருக்கறது? நாலு தடவ எங்க அக்கா பேர எழுத்துக் கூட்டிக் கேட்டா. லாவினியா. வெள்ளக்காரங்ககிட்டேர்ந்து வந்த பேர்தானே அது, அவங்களுக்கே தெரியல.

உங்க ஃபைலப் பாத்தாலே எனக்கு பயமா இருக்கும்மா. கலர் கலரா சீட்டு ஒட்டி, ஒவ்வொண்ணும் பிளாஸ்டிக் உறைக்குள்ள… நீங்களும் பி.ஆர். மனுதானா, இங்கயே நிரந்தரமா தங்கறதுக்கு? மொகத்தப் பாத்தே நெனச்சேன். அதோ முன்னாடி இருக்கான் பாருங்க, தொப்பி போட்டவன், அவன் கையில ஒரே ஒரு பேப்பர். நாய்க்கு லைசென்ஸோ என்னமோ. அவனப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குது. நாய் யாரோட வாழுதுன்னு யாரும் ஆதாரம் கேக்க மாட்டாங்க.

எனக்கு இல்லம்மா, எனக்கு எல்லாம் என்னிக்கோ ஆயிடுச்சு. மருமகளுக்கு. ஃபூசின்னு பேரு. எம்மகன் இசிலேலி இங்க ஆக்லாந்துலயே வளந்தவன், மெத்தை தைக்கற ஃபேக்டரில வேலை. போயும் போயும் ஊருக்கு ஒரு தடவ லீவுல போனான், ஹாபாய் தீவுப் பொண்ணு ஒண்ணக் கூட்டிட்டு வந்தான். கல்யாணம் இங்க எங்க சபைலதான். சர்ட்டிபிகேட் இருக்குது, போதகர் கையெழுத்து இருக்குது, சாட்சி கையெழுத்து இருக்குது. அது போதாதாம். கல்யாணம் ஆனதுக்கு அது ஆதாரமாம், சேந்து வாழ்றதுக்கு வேற ஆதாரம் வேணுமாம். ஒரே கட்டில்ல படுக்கறாங்க. அவன் கொறட்ட தாங்காம அவ எந்திரிச்சு வந்து சமையல்கட்டுல உக்காந்திருப்பா. அதுக்கு எந்தக் கடைல ரசீது குடுக்கறாங்க?

ரெண்டு பேர் பேர்லயும் லைட் பில் இருக்கான்னாங்க. லைட் பில் என் பேர்ல வருது. டெலிஃபோன் என் பேர்ல. வாடகை என் பேர்ல. வீட்ல பெரியவன் ஒருத்தன் இருக்கறப்ப சின்னவன் பேர்ல எதுக்கு பில் வரணும்? ஜில்லியன் சொல்றா, இதெல்லாம் முன்னாலயே யோசிச்சு மாத்தியிருக்கணுமாம். அதாவது எம்மகன் கல்யாணம் பண்ண அன்னிக்கே, மாலையும் கழுத்துமா போய் கரண்டு ஆபீஸ் வாசல்ல நின்னிருக்கணும்.

சரி, படம் குடுங்கன்னாங்க. போட்டோ. ரெண்டு பேரும் பல காலமா சேந்து இருக்கற மாதிரி போட்டோ. அது இருக்குதுன்னு நானும் அள்ளிக் குடுத்தேன். ஒரு வருஷத்துப் படம். பொங்கி வழியற அளவு குடுத்தேன். ரெண்டு மாசம் சத்தமே இல்ல. அப்பறம் ஒரு கடிதாசி வந்துச்சு பாருங்க…

இந்தப் படமெல்லாம் ஒரே நாள்ல எடுத்த மாதிரி தெரியுதாம். எல்லாப் படத்துலயும் அந்தப் பொண்ணு அதே கறுப்பு உடுப்புல இருக்காளாம். புருஷன் எல்லாத்துலயும் அதே கிழிஞ்ச பாயக் கட்டியிருக்காராம். விளக்கம் வேணுமாம்.

ஒரே நாள்ல. ஒரு வருஷத் துக்கம்மா அது. எங்க அக்கா செத்ததுக்கு.

எங்க ஆளுங்கள்ல அப்பனோட அக்கான்னா சும்மா இல்ல. வீட்ல அவங்கதான் ஒசத்தி. அப்பனே அவங்களுக்குக் கீழதான். அப்பேர்ப்பட்ட அத்தை செத்தா, தம்பி மகன் என்ன செய்யணும்? முடிய வெட்டிக்கணும். உள்ளதுலயே மோசமான, பிஞ்சு தொங்கற பாயா எடுத்து இடுப்பச் சுத்திக் கட்டிக்கணும், நாங்க உங்களுக்குக் கீழதான்னு காட்டறதுக்கு. கொல்லப்பக்கம் மண்ணடுப்புப் பக்கத்துல புகைல நின்னு வேலை செய்யணும். அவன் பொண்டாட்டியும் அப்படித்தான். வருஷம் பூரா கறுப்பு. ஃபூசிகிட்ட ஒரு கறுப்பு உடுப்பா இருந்துச்சு? கை வெச்சது, கை இல்லாதது, சர்ச்சுக்கு ஒண்ணு, கடைக்குப் போக ஒண்ணு, எல்லாம் அவளே தெச்சது. அந்த ஆபீஸ்காரன் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணாத் தெரியுது. பின்னாடி இருக்கற மரத்தையாவது பாக்கக் கூடாது? ஒரு படத்துல எல இருக்குது, இன்னொண்ணுல மொட்டையா நிக்குது. ஒரே நாள்ல எல கொட்டுமா?

வயிறா? வயிறு எங்கம்மா தெரியுது. ஆமா, மாசமாத்தான் இருக்கா. ஆனா அந்தப் பாயச் சுத்திக் கட்டினா எல்லா வயிறும் ஒண்ணுதான். எங்க போதகர் வயிறும் ஃபூசி வயிறும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சிரிக்காதீங்க. திங்கக்கெழம சாயங்காலத்துக்குள்ள பதில் அவங்க கைல இருக்கணும். இல்லன்னா மனுவ மூடிருவாங்க. பர்மிட்டும் முடியுது, அவ ஹாபாய்க்குத் திரும்பிப் போகணும். பிள்ள அங்க பொறக்கும். அப்பன்காரன் இங்க மெத்தை தெச்சுகிட்டு இருப்பான். மறுபடி மனு போட்டு, மறுபடி கடிதாசி வந்து, அவ திரும்பி வர்றப்ப அந்தப் பிள்ளைக்கு இவன் யாருன்னே தெரியாது. எங்க தெருவுலயே அப்படி ஒண்ணு இருக்குது. அப்பனப் பாத்தா இன்னும் கதவுக்குப் பின்னாடி ஒளியுது.

அட, தொப்பிக்காரன் எந்திரிச்சுட்டான். நீங்க போங்க, இந்தம்மாவ விடுங்க, ஆமா நீங்கதான், பச்ச ஸ்வெட்டரு. எனக்கு முன்னாடி போங்க. நான் இந்தம்மாகிட்ட பேசிகிட்டு இருக்கேன்.

அதத்தான் அவங்களும் கேக்கறாங்கம்மா, நீங்க கேக்கற அதே கேள்வி. கல்யாணத்துக்கப்பறம் அக்கா சாகறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் இருந்துச்சே, அப்ப எடுத்த படம் எங்கன்னு. இருந்துச்சு. கல்யாணத்துலேர்ந்து எல்லாம் இருந்துச்சு. ஃபூசி ஒரு ஆல்பம் வெச்சிருந்தா. ஊர்ல அவங்க வீட்ல கேமரா கெடையாது, அதனால இங்க வந்ததும் அவளுக்கு அதுல ஒரு பைத்தியம். ஃபிலிம் ரோல் முடியறதுக்குள்ள மருந்துக்கடைக்கு ஓடுவா, கழுவிக் குடுங்கன்னு. மஞ்ச உடுப்புல கடல்ல நிக்கறது, செவப்புல கேக் வெட்டறது, அவன் முடிய அவ கத்திரிக்கறது, மழைல ரெண்டும் பஸ் ஸ்டாப்புல நிக்கறது… அதப் போய் யாரு எடுத்தாங்கன்னு கேட்டேன், பஸ்ஸுக்கு நின்ன யார்கிட்டயோ குடுத்து எடுக்கச் சொன்னாளாம். எல்லாத்துக்கும் கீழ தேதி. நெகட்டிவெல்லாம் பின்னட்டைல ஒரு உறைல. அந்த ஒண்ண அனுப்பியிருந்தா ஆபீஸ்ல எவனும் வாயத் தெறந்திருக்க மாட்டான்.

அத அக்கா எடுத்துட்டுப் போயிட்டாங்க.

எடுத்துட்டுப் போகலாம்மா, அது அவங்க உரிமை. எங்க பாஷைல ஃபாஹூன்னு சொல்லுவோம். தம்பி வீட்டுக்கு வந்து அக்கா ஒரு பாயத் தொட்டு இது நல்லாருக்குதுன்னா, பாய் அவங்களுது. பன்னி நல்லாருக்குதுன்னா பன்னி அவங்களுது, கயித்தோட. மறுத்துப் பேசக் கூடாது, மொகம் சுளிக்கக் கூடாது. அந்த ஜில்லியன்கிட்ட இதச் சொன்னா, திருட்டுன்னு எழுதவான்னு கேக்கறா. எங்க அக்காவ. திருட்டுன்னு. அன்னிக்கே எந்திரிச்சு வந்திருப்பேன். ஃபூசி வெளில உக்காந்திருந்தா, அதான்.

எம்மகன் அதுக்கு மேல. அப்பா, போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்கங்கறான். கேக்கறதா? இங்க வளந்த பிள்ளைங்க இப்படித்தான் பேசும். அக்கா கொண்டுபோனத திருப்பிக் கேக்கறதுன்னா என்னன்னு தெரியுமா அவனுக்கு? இப்ப அது அக்கா மக கலோலைனி வீட்ல இருக்கும். அக்கா மகளும் எனக்கு மேலதான். அவ என்னக் கேக்கலாம், நான் அவளக் கேக்கக் கூடாது. என் அப்பன் கேட்டதில்ல, அவன் அப்பன் கேட்டதில்ல.

போனேன். என்ன செய்யறது, போனேன். நல்ல கெழங்கா ஒரு கூடை, டின் கறி ஒரு பெட்டி தூக்கிகிட்டுப் போயி கேட்டுக்கு வெளில நின்னேன். உள்ள கூப்பிட்டா. போகல. சுத்தி வளச்சு என்னென்னமோ பேசினேன், மழையப் பத்தி, பாட்டுக்குழுவப் பத்தி. கடைசில கேட்டுட்டேன். கேக்கறப்ப என் செருப்பத்தான் பாத்துகிட்டு இருந்தேன்.

அவ கூடைய என் கைலேர்ந்து வாங்கிக் கீழ வெச்சா. அப்பறம் சொன்னா: "மாமா, அது அம்மாவோடயே போயிடுச்சு. தலைமாட்டுல வெச்சுத்தான் புதைச்சோம்."

ஆமாம்மா. பெட்டிக்குள்ள. நெகட்டிவோட. நான் சாவுக்கு முழுக்க வாசல்ல நின்னவன், பெட்டிக்குள்ள என்ன வெச்சாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரிலயும் அக்கா அத விடலியாம். நர்சுங்களுக்கெல்லாம் பெரட்டிப் பெரட்டிக் காட்டினாங்களாம். இந்தா பாரு, இது எந்தம்பி குடுத்தது, நான் கேக்கவே இல்ல, அவனாக் குடுத்தான்னு. கலோலைனி இத அழுதுகிட்டே சொல்றா. எங்க அம்மாவுக்கு வாழ்க்க பூரா எல்லாரும் கேட்டதுக்கப்பறம்தான் குடுத்தாங்க மாமா, நீங்க ஒருத்தர்தான் கேக்காமக் குடுத்ததுன்னு. என் கையப் புடிச்சுகிட்டா.

என்ன பாக்கறீங்க?

அக்கா எடுத்துட்டுப் போனாங்கன்னுதான் சொன்னேன். எடுத்துட்டுத்தான் போனாங்க. அவங்க கைலதான போச்சு.

அதுக்குத்தான் வீட்லயும் ரகள. விஷயத்தக் கேட்டுட்டு ஜில்லியன் சொன்னா, தொலஞ்சு போச்சுன்னு எழுதாதீங்க, ஆல்பம் எப்படிப் போச்சோ அப்படியே எழுதி ஜே.பி. முன்னாடி, அதான் இங்க முத்திரை குத்தறவரு, அவர் முன்னாடி சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, கலோலைனிகிட்டயும் ஒண்ணு வாங்குங்கன்னு. கலோலைனி குடுத்துட்டா. மிச்சம் என்னுது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி நான் சொல்லச் சொல்ல இசிலேலி இங்கிலீஷ்ல எழுதறான். என் அக்கா தன் உரிமைப்படி அந்த ஆல்பத்தக் கேட்டு எடுத்துட்டுப் போனாங்கன்னு சொன்னேன். ஃபூசி அந்தப் பக்கம் துணி தேச்சுகிட்டு இருந்தா. இந்த வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷம், என்னை எதிர்த்து ஒரு வார்த்த பேசினதில்ல. இஸ்திரிப் பொட்டிய நிமித்தி வெச்சா.

"மாமா, பெரியத்தை அதக் கேக்கவே இல்ல. நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க. நான் சமையல்கட்டுல இருந்தேன்" அப்படின்னா.

அவளே சொன்னா: "சத்தியம் பண்ணிப் போடற கையெழுத்து மாமா. பொய்யச் சொல்லி நான் இங்க இருக்க மாட்டேன். எம்பிள்ள ஊர்லயே பொறக்கட்டும்."

பாத்தீங்களா கொழுப்ப? யாருக்காக நான் கெழங்கு தூக்கிகிட்டு அலையறேன்? இவளுக்காக. இவ எனக்கு சத்தியம் சொல்லிக் குடுக்கறா. எம்மகன் இருக்கானே, தலையக் குனிஞ்சுகிட்டு பேனாவத் தட்டிகிட்டு இருக்கான். அவனுக்கும் தெரிஞ்சிருக்குது.

சரி, சொல்றேன். நீங்க யாரோ, நான் யாரோ.

அந்தக் கிறிஸ்மஸுக்கு முன்னாடி நான் ஒரு டிவி வாங்கினேன். பெருசு. வேலைலேர்ந்து நிக்கறப்ப குடுத்த காசுல வாங்கினது. எம்பொண்டாட்டி போனதுக்கப்பறம் எனக்கு வீட்ல வேற என்னம்மா இருக்குது? சனிக்கெழம ரக்பி. அவ்வளவுதான். வாங்கி ஒரு வாரம் ஆகல, அக்கா வந்துட்டாங்க. அக்கா இருக்கற ரூம்ல நான் உக்காந்து டிவி பாக்கக் கூடாது, அதனால வாசப்படில நிக்கறேன். அக்கா நேரா போயி டிவி முன்னாடி நின்னாங்க. மேல கை வெச்சாங்க. தடவினாங்க. அப்பறம் என் பக்கம் திரும்பாமலே, "இது…"ன்னு ஆரம்பிச்சாங்க.

முடிக்க விடல நான். பக்கத்து அலமாரில அந்த ஆல்பம் இருந்துச்சு. ரெண்டே எட்டுல போயி, உருவி, ரெண்டு கையாலயும் நீட்டி, அக்கா, இது உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன், பிள்ளைங்க கல்யாணப் படம், எடுத்துட்டுப் போங்கன்னேன். அக்கா என்னையே பாத்தாங்க. ஆல்பத்தப் பாத்தாங்க. நெஞ்சோட அணைச்சுகிட்டாங்க. அப்பறம் டிவியப் பத்தி ஒரு வார்த்த பேசல. வந்த காரியத்தையே மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி நான் என்னமோ பெரிய கெட்டிக்காரன்னு நெனச்சுகிட்டு மேட்ச் பாத்தேன். ஃபூசி ரூமுக்குள்ள அழுதுருக்கா. பின்னாலதான் தெரிஞ்சுது.

என்ன சொல்ல வந்தாங்களோ. சத்தம் ஜாஸ்தியா இருக்குதுன்னு கூட இருக்கலாம். யாரு கண்டா.

டிவி இருக்குது. நல்லாத்தான் ஓடுது.

எழுதியாச்சு எல்லாம். இதோ, இந்த உறைக்குள்ள. டிவிலேர்ந்து ஆரம்பிச்சு எல்லாம் இருக்குது. ஜில்லியன் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. அருமையா இருக்குது, இப்படி ஒரு பொய்ய யாராலயும் கட்ட முடியாது, கண்டிப்பா நம்புவாங்கங்கறா. என் மானம் போறது அவளுக்கு அருமை.

கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அதுக்குத்தான் காலைல கதவு தெறந்ததுலேர்ந்து உக்காந்திருக்கேன். ஆமாம்மா, முதல் ஆளா வந்தேன். வந்து பாத்தா, அந்த மேசைல யாரு? மனாசே. நல்லாப் பாருங்க, கண்ணாடிய மூக்கு நுனில மாட்டிகிட்டு, முத்திரைய என்னமோ ஆண்டவர் கைல குடுத்த மாதிரி புடிச்சிருக்காரே, அவர்தான். எங்க சபைல பிரசங்கம் பண்றவரு. எங்க அக்கா சாவுல பேசினதும் அவர்தான். என்னன்னு பேசினாருன்னா, இந்தக் காலத்துல கேட்டாலே குடுக்காதவங்க நடுவுல, கேக்காமலே அக்காவுக்குக் குடுத்த தம்பி ஒருத்தர் நம்ம சபைல இருக்காருன்னு என்னக் கைகாட்டினாரு. அப்ப எனக்கு ஒண்ணும் வெளங்கல. எதையோ சொல்றாருன்னு நின்னேன். ஜனமெல்லாம் திரும்பிப் பாத்து அழுதாங்க. நானும் அழுதேன்.

மனுஷனுக்கு மெதுவாப் படிக்கத் தெரியாதும்மா. கையெழுத்துப் போடற முன்னாடி ஒரு தடவ வாய்விட்டுப் படிப்பாரு, பிரசங்கம் பண்ற அதே கொரல்ல. உங்க காதுலயும் விழுந்துச்சுல்ல, அந்தப் பச்ச ஸ்வெட்டர்காரரோட வாடகை எவ்வளவுன்னு இந்த லைப்ரரிக்கே இப்பத் தெரியும். நாளைக்கு சர்ச்சு. கலோலைனி முன் வரிசைல உக்காருவா. எங்கம்மாவுக்கு கேக்காமக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்னு சொன்ன பொண்ணு.

வேற ஜே.பி. யாரும் இல்லம்மா. இன்னிக்கு இந்தப் பக்கம் இவர் ஒருத்தர்தான், திங்கக்கெழம வேற ஆளத் தேடி அலைய நேரமிருக்காது. பன்னெண்டு மணிக்கு இவரும் முத்திரைய மூடிட்டு எந்திரிச்சுருவாரு. தெரியும். கடியாரம் எனக்கும் தெரியுது.

ஃபூசி கூட வர்றேன்னா. வேண்டாம்னுட்டேன். வீட்ல பெட்டிய எடுத்துக் கட்டில் மேல வெச்சிருக்கா. மொறைச்சுகிட்டு இல்ல, அழுதுகிட்டு இல்ல, சும்மா துணிய மடிச்சு மடிச்சு உள்ள வெக்கறா. கையெழுத்தில்லாம நான் திரும்பிப் போனா எனக்காக ஒண்ணும் இங்க தங்க மாட்டா அவ.

கூப்பிடறாரு. உங்களத்தாம்மா. இல்ல, நான் அப்பறமாப் போறேன், நீங்க போங்க. எனக்கு முன்னாடி நீங்க வந்ததாவே வெச்சுக்கங்க. போங்க போங்க…

முடிஞ்சுடுச்சா? அதுக்குள்ளயா? எல்லா நகலுக்கும் முத்திரை குத்திட்டாரா? ஒழுங்கா வெச்சிருந்தா அதான். நல்லாருங்க. குடைய மறந்துட்டுப் போறீங்க பாருங்க, நாற்காலிக்குக் கீழ. ஆமா… சரி. பாத்துப் போங்க.

என்னத்துக்கு மனாசே இந்தப் பக்கம் கையக் காட்டறாரு? வாங்க வாங்கன்னு… எனக்குப் பின்னாடி யாராச்சும் இருப்பாங்க.

இல்ல. நாற்காலியெல்லாம் காலி. நான் ஒருத்தன்தான் மிச்சம்.